அரியணை வேண்டாத அரசிக்கு இரண்டாம் பாகம்: மலையகத்திலிருந்து நாவல் அச்சிடுவோருக்கு

என் நாவல் தொடரின் நாயகி ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். பனிமூட்டத்துக்குள் வாழும் மாயக் கூட்டத்துக்கு அவள்தான் பிறவியிலேயே அரசி. அவளுக்கோ அந்தப் பதவி வேண்டாம். மாதச் சம்பளமும், பஸ் நிலையத்துக்கு எதிரே போன் திருத்துகிற பையனும் போதும். முதல் பாகத்தில் தப்பித்துவிட்டாள், இரண்டாம் பாகத்தில் அரியணை அவளைத் தேடி டவுனுக்கே வருகிறது.

கதை எழுதியது சுகமான பகுதி. அதை நூலாக்குவதற்குக் கொழும்புக்கும் ஹட்டனுக்கும் இடையே பட்ட பாடு வேறு. முதல் நூலை வெளியிட வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாம் பாகத்துக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது, ஏனென்றால் அதன் பெயர், விலை, அளவு, எத்தனை பிரதி என்ற எல்லாவற்றையும் முதல் பாகம் ஏற்கெனவே பாதி தீர்மானித்துவிட்டது. கையெழுத்துப் பிரதி முடிந்த நாளிலிருந்து வெளியீட்டு விழா வரை ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதத்தில் முடிக்கலாம் என்பார்கள். எந்த மழைக்கும் மாட்டாமல், எந்த அச்சகமும் தேர்தல் வேலையில் மூழ்காமல் இருந்தால் முடியலாம்.

1. முதல் பாகத்தின் உரிமை யாரிடம்?

இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்கு மேல் 70 ஆண்டுகளும் அது நிற்கும். "காப்புரிமை பதிந்து தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதல் பாகத்தை ஒரு பதிப்பகம் போட்டிருந்தால் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். "தொடர்ச்சி", "கதாபாத்திரங்கள்", "அடுத்த படைப்பு" என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். அடுத்த நூலை முதலில் அவர்களிடம்தான் காட்ட வேண்டும் என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். நம்மிடையே பெரும்பாலும் ஒப்பந்தமே இருக்காது, எல்லாம் வாய்ப்பேச்சு. அப்படியானால் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். முதல் பாகத்தின் உரிமை ஆசிரியரிடம் இருக்கிறது, இரண்டாம் பாகத்தை ஆசிரியர் விரும்பிய இடத்தில் வெளியிடலாம், விற்காமல் இருக்கும் பிரதிகள் இத்தனை, திகதி இது. இவ்வளவு போதும்.

அந்த விற்காத பிரதிகளைக் கழிவு விலையில் நீங்களே வாங்கிக்கொள்ள முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள். பிறகு தேவைப்படும்.

கைபேசிச் செயலி எதிலாவது முதல் பாகத்தைத் தொடராகப் போட்டிருந்தால் அங்கே நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளையும் பாருங்கள். அச்சு உரிமை உங்களிடமே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

2. கதைக் கணக்கு எழுதுங்கள்

மாய நாவலின் வாசகர்கள் கணக்குப்பிள்ளை மாதிரி. முதல் பாகத்தில் போட்ட விதியை இரண்டாம் பாகத்தில் மீறினால் விழா மேடையிலேயே கேட்பார்கள். ஆகவே ஒரு தனிக் கொப்பியில் முதல் பாகத்தின் விதிகளை எல்லாம் பக்க எண்ணோடு எழுதி வையுங்கள்: யாருக்கு என்ன சக்தி, எது ஆகாது, யார் யாரிடம் என்ன சத்தியம் செய்தார்கள், காதலர்கள் எந்த இடத்தில் விட்டுப் பிரிந்தார்கள்.

இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய தேவதைக் கதைகளில் இரும்பு ஆகாது. நம் வீடுகளிலும் இருட்டில் இறைச்சிச் சாப்பாடு கொண்டுபோனால் ஓர் ஆணியோ சாவியோ கூட வைப்பார்கள். இரண்டும் சேர்ந்து வருகிறதே என்று மகிழ்ந்து, அரசி இரும்பைத் தொடமாட்டாள் என்று எழுதிவிடுவீர்கள். அப்புறம் இரண்டாம் பாகத்தில் அவளை எப்படி ஹட்டனிலிருந்து பதுளை ரயிலில் ஏற்றுவீர்கள்? தண்டவாளத்தைக் கடக்காமல் ஹட்டனில் யாராலும் ஒரு நாள் வாழ முடியாது. தெமோதரைக்குப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம் இரும்பில்லாமல் கல், செங்கல், சீமெந்து கொண்டே கட்டியது என்பார்கள். அதை வைத்து ஒரு சந்திப்பை அழகாக அமைக்கலாம். ஆனால் பாலத்தின் மேலே ஓடுவது இரும்புத் தண்டவாளம்தான், அதையும் கதை கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. கவ்வாத்துச் சாமி, ரோதை முனி, ஓடைக்கரைக் கன்னிமார் எல்லாரும் இன்றும் பொங்கல் வைத்துக் கும்பிடப்படுகிற தெய்வங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்தைக் காக்கும் ரோதை முனியை உங்கள் அரசியின் வாயிற்காவலன் ஆக்கினால் வாசகரில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் கோபிப்பார்கள். எனக்குப் பிடித்த வழி, மாயக் கூட்டத்துக்குப் புதுப் பெயர்கள் கொடுத்து, தெய்வங்களைத் தெய்வங்களாகவே தூரத்தில் நிற்கவிடுவது. நோர்ட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள ஏழு கன்னியர் மலையும் அப்படித்தான். பெயரைக் கேட்டவுடனேயே மாயக்கதை எழுதக் கை துறுதுறுக்கும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி ஹஜ் பயணிகளோடு வந்த விமானம் அங்கே மோதி 191 பேரும் இறந்தார்கள். அந்த மலையில் மந்திரவாதிகளை ஆடவிடும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

காதல் பகுதிக்கு ஒரே ஒரு சொல். முதல் பாகத்தில் சேர்த்து வைத்த ஜோடியை இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்திலேயே அற்பச் சந்தேகத்தால் பிரிக்காதீர்கள். வாசகருக்கு வரும் முதல் கோபம் அதுதான், நியாயமான கோபமும் கூட.

3. பெயர், முகவரி, வங்கி

இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாததால் வரும் தாமதமே மலையகத்தில் அதிகம்.

பெயர்: தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்பது நமக்குப் புதிதல்ல. படிவங்களில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் ஆசிரியர் பெயரை முதல் பாகத்துக்கு எப்படிக் கொடுத்தீர்களோ அப்படியே இரண்டாம் பாகத்துக்கும் கொடுங்கள். ஓர் எழுத்து கூடினாலும் நூலகப் பட்டியலில் நீங்கள் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். இரண்டு பாகங்களும் பக்கத்தில் பக்கத்தில் வராது.

முகவரி: தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வர வேண்டும். முக்கியமான கடிதத்துக்கு இது ஆகாது. டவுனில் நம்பிக்கையான ஒரு கடையின் முகவரியை, அவர்களிடம் கேட்டு, தபால் முகவரியாகக் கொடுங்கள். எல்லாப் படிவத்திலும் மின்னஞ்சலையும் தெளிவாக எழுதுங்கள்.

வங்கி: காதல் நாவல் எழுதுவோரில் பலர் புனைபெயரில் எழுதுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். புத்தகக் கடை அந்தப் புனைபெயருக்கே குறுக்குக் கோடிட்ட காசோலை எழுதிவிடும். வங்கி அதை எடுக்காது. கடைக்கு நூல் கொடுக்கும் ரசீதிலேயே "காசோலை எழுத வேண்டிய பெயர்" என்று அடையாள அட்டைப் பெயரையும் கணக்கு இலக்கத்தையும் எழுதிவிடுங்கள்.

சொந்தப் பதிப்பகப் பெயர் வேண்டும் என்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவு செய்யலாம். அடையாள அட்டைப் பிரதியும், கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும், வியாபாரம் நடக்கும் இடத்துக்கான ஆவணமும் கேட்பார்கள். சிக்கல் இந்த மூன்றாவதில்தான். லயக் காம்பிரா உங்கள் பெயரில் இருக்காது, தோட்ட நிர்வாகத்தின் கடிதம் தேவைப்படும், அதற்கு அலைய வேண்டும். ஒரே தொடருக்காக இவ்வளவும் வேண்டாம் என்பது என் எண்ணம். "ஆசிரியர் வெளியீடு" என்று போட்டே நூல் வெளியிடலாம்.

4. எழுத்துரு, பக்க அமைப்பு, புரூப்

இங்கேதான் நேரம் போகும். ஆறு மாதத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

நீங்கள் கணினியிலோ கைபேசியிலோ ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்திருப்பீர்கள். இலங்கையில் நிறைய அச்சகங்கள் இன்னும் ஒருங்குறிக்கு முந்திய பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் வேலை செய்கின்றன. பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. ஆகவே உங்கள் கோப்பை எழுத்துரு மாற்றியில் போட்டுப் பாமினியாக்குவார்கள். அப்போது மேற்கோள் குறிகள் காணாமல் போகும், "ஸ்ரீ" உடையும், ஆங்கில எழுத்துகள் தமிழ் உளறலாகும். நூலின் சர்வதேச அடையாள எண்ணைக் குறிக்கும் ஐ.எஸ்.பி.என். என்ற நாலு ஆங்கில எழுத்து பாமினியில் "ஐளுடீ" என்று தொடங்கி அச்சாகி நிற்பதை எத்தனையோ நூல்களில் பார்க்கலாம். நான் போன ஓர் அச்சகத்தில் அரசியின் பேச்சு முழுவதும் மேற்கோள் குறி இல்லாமல் வந்தது. யார் பேசுகிறார், யார் நினைக்கிறார் என்றே தெரியவில்லை. "வாசகருக்குப் புரியும்" என்றார்கள்.

தப்பிக்க வழி: விலை கேட்கும் முன்பே "ஒருங்குறியில் இன்டிசைனில் பக்கம் அமைப்பீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் பத்துப் பக்கத்தை மாதிரிக்கு அமைத்துத் தரச் சொல்லுங்கள். அந்தப் பத்துப் பக்கத்தில் ஒரு பாட்டு, ஒரு கடிதம், ஓர் ஆங்கில வரி, "கொ", "போ", "கௌ" போன்ற எழுத்துகள் எல்லாம் வரும்படி பாருங்கள். இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்கும். இல்லையென்றால் வெளியே ஒருவரிடம் பக்கம் அமைத்து, எழுத்துருக்கள் உள்ளே பதிந்த பிடிஎஃப் கோப்பாக அச்சகத்துக்குக் கொடுங்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் மூன்றாம் பாகத்துக்கும் அதே வார்ப்பு உதவும்.

பாத்திரத்தின் பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றாதீர்கள். "கதிர்" என்பதைத் தேடி மாற்றினால் "கதிரை", "கதிருக்கு", "கதிரின்" எல்லாம் மாறாமல் நிற்கும், ஏனென்றால் அங்கே புள்ளி இல்லை. சரி என்று "கதிர" என்று தேடினால் வீட்டிலுள்ள கதிரைகள் எல்லாம் நாயகன் ஆகிவிடும். வேற்றுமை உருபு ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதியான புரூப்பைத் திரையில் மட்டும் பார்க்காதீர்கள். கொமினிகேசன் கடையில் அச்செடுத்து, முதல் பாகத்தை வாசித்த ஒருவரிடமும் வாசிக்காத ஒருவரிடமும் கொடுங்கள். வாசிக்காதவர் எந்தப் பக்கத்தில் "இவர் யார்?" என்று கேட்கிறாரோ அந்த இடத்தில் ஒரு வரி சேருங்கள். முன்கதைச் சுருக்கம் என்று நாலு பக்கம் போடுவதைவிட அது நல்லது.

கடைசியாகப் பக்க எண்ணிக்கை. ஆப்செட் அச்சில் தாளை மடிக்கும்போது பொதுவாக 16 பக்கம் ஒரு தொகுதியாக வரும். 208 பக்கம் என்றால் சரியாக 13 தொகுதி. 211 பக்கம் என்றால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு தொகுதிக்குக் காசு கொடுக்கிறீர்கள். நன்றியுரையைச் சுருக்கினால் பெரும்பாலும் சரிவரும்.

5. ஐ.எஸ்.பி.என். எண்

கொழும்பு 7, சுதந்திர அவெனியூவில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை இதை வழங்குகிறது. ஆசிரியராகவே விண்ணப்பிக்கலாம். படிவம், அடையாள அட்டைப் பிரதி, நூலின் தலைப்புப் பக்கமும் பின்பக்கமும், பக்க எண்ணிக்கை, அளவு, விலை எல்லாம் தயாராக இருக்கட்டும். கட்டணத்தைப் படிவம் எடுக்கும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தச் செலவில் அது பெரிய தொகை அல்ல.

முதல் பாகத்தின் எண்ணை இரண்டாம் பாகத்துக்குப் போட முடியாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண் வேண்டும். இலங்கை நூல்களின் எண் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். முதல் பாகம் 955, இரண்டாம் பாகம் 624 என்று வந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் நம்முடையவைதான்.

எண்ணோடு நூலகப் பட்டியல் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்னே சின்னக் கட்டமாக வருமே, அதுதான். தமிழ்ப் புனைகதைக்கு அதில் 894.8113 என்ற வகுப்பெண் இருக்கும். தொடரின் பெயர், பாகம் 2 என்ற விவரம் இரண்டும் அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அச்சுக்குப் போகும் முன்பே திருத்தக் கேளுங்கள்.

அச்சகத்தில் எண்ணைக் கையால் தட்டும்போது பிழை வரும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. 13 இலக்கங்களில் 1ஆவது, 3ஆவது, 5ஆவது என்று ஒற்றை இடத்தில் உள்ளவற்றை அப்படியே கூட்டுங்கள். 2ஆவது, 4ஆவது என்று இரட்டை இடத்தில் உள்ளவற்றைக் கூட்டி 3ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் கடைசி இலக்கம் 0 ஆக வர வேண்டும். வராவிட்டால் எண் பிழை. அட்டை அச்சாகும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

6. அட்டைப்படம்

முதல் பாகத்தை வரைந்தவரே வரைந்தால் நல்லது. இல்லையென்றால் அதே எழுத்து வடிவம், அதே இடத்தில் ஆசிரியர் பெயர், முதுகில் அதே உயரத்தில் பாக எண் என்ற மூன்றையாவது காப்பாற்றுங்கள். கூலி, எந்தெந்தப் பயன்பாட்டுக்கு (நூல், சுவரொட்டி, மின்னூல்) என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து முடி சூட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். அது யாரோ ஒருவரின் அம்மா.

7. எத்தனை பிரதி, என்ன விலை

முதல் பாகத்தை 500 அடித்தோம், ஆகவே இதையும் 500 அடிப்போம் என்பார்கள். முதல் பாகத்தை வாங்கியவரில் எல்லாரும் இரண்டாம் பாகத்தை வாங்குவதில்லை, முதல் பாகத்தை வாங்காதவர் இதை வாங்குவதும் அபூர்வம். முதல் பாகத்தில் உண்மையில் காசு வந்த பிரதிகளை மட்டும் எண்ணுங்கள். கடைகளில் தூங்குவதையும் இலவசமாகக் கொடுத்ததையும் விடுங்கள். வந்த எண்ணிக்கையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை அடித்தால் போதும் என்பது என் கணிப்பு. அத்தோடு முதல் பாகம் கையிருப்பில் இல்லையென்றால் ஒரு சிறு தொகையை மறுபடி அடியுங்கள். இரண்டு அட்டைகளையும் ஒரே தாளில் சேர்த்து அச்சிட முடியுமா என்று கேளுங்கள், செலவு குறையும்.

நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு. முந்நூறைத் தாண்டினால் ஆப்செட். இடையில் என்றால் இரண்டுக்கும் விலைமனு எடுங்கள். விலைமனுவில் தாளின் கனம் (70 அல்லது 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), அட்டையின் கனம், லேமினேட் வகை, கட்டும் முறை, விநியோகத் திகதி, விலை எத்தனை நாள் செல்லும் என்பது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தாள் விலை ஏறினால் "அன்றைய விலை" என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்கு மட்டும், உங்கள் விலைமனு வந்ததும் மாற்றிப் போடுங்கள். 300 பிரதி, பிரதிக்கு 700 ரூபா என்றால் அச்சுச் செலவு 210,000. பக்க அமைப்பு, அட்டை, போக்குவரத்து, விழா எல்லாம் 70,000. மொத்தம் 280,000 ரூபா. கடைக் கழிவு 35 சதவீதம் என்று வைப்போம். விலை 1200 என்று போட்டால், விழாவில் 100 பிரதி விற்று 120,000 வரும். மீதி 160,000 எடுக்கக் கடைகளில் பிரதிக்கு 780 வீதம் 206 பிரதி விற்க வேண்டும். உங்களிடம் 200தான் இருக்கிறது. எல்லாம் விற்றாலும் நட்டம். விலை 1300 என்றால் விழாவில் 130,000, கடைகளில் 845 வீதம் 178 பிரதி. இருபதைச் சட்டப்படி அரசுக்கு ஒப்படைக்கும் பிரதி, மதிப்புரை, நண்பர்கள் என்று கொடுத்துவிட்டுக் கையைக் கடிக்காமல் தப்பலாம்.

1300 கூடுதலா? 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. ஒரு நாள் கூலிக்கு மேலே நூல் விலை போகக் கூடாது என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட எல்லை. உங்கள் வாசகர் கொழும்பில் இருந்தால் உங்கள் எல்லை வேறாக இருக்கலாம்.

8. மலைக்கு ஏற்றுவதும் ஈரமும்

ஏ5 அளவில் 208 பக்கம், 70 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒரு பிரதி ஏறக்குறைய 240 கிராம் இருக்கும். 300 பிரதிக்கு 72 கிலோ. பஸ்ஸில் தனியாகத் தூக்கி வர முடியாது. மரக்கறி ஏற்றிக் கொழும்புக்குப் போகும் லொறிகள் திரும்பி வரும்போது காலியாக வரும். டவுன் கடைக்காரர்களிடம் கேட்டால் ஆள் சொல்வார்கள். லொறி நனைந்திருக்கும், ஆகவே ஒவ்வொரு கட்டையும் பிளாஸ்டிக்கில் சுற்றித் தரும்படி அச்சகத்திடம் முன்பே சொல்லுங்கள்.

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்த மாதங்களில் நூல்களை வரவழைக்காமல் இருப்பது நல்லது. கினிகத்தேனைப் பாதையில் மண் சரிந்தால் லொறி நிற்கும். வீட்டில் வைக்கும்போது தரையிலும் வேண்டாம், சுவரோடும் வேண்டாம். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். பூஞ்சணம் முதலில் அட்டையின் உள்பக்கத்தில்தான் பிடிக்கும், வெளியே தெரியாது.

9. விழா நாள்

தோட்டங்களில் சம்பளம் பெரும்பாலும் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வரும். அதற்கு அடுத்த ஞாயிறு நல்ல நாள். மாத முடிவு ஞாயிறில் கூட்டம் வரும், நூல் போகாது. காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடியுங்கள். உள் தோட்டங்களுக்கு பஸ் குறைவு, மாலை ஆனால் பேச்சாளர் மட்டும்தான் மிஞ்சுவார். சிவனொளிபாதமலைப் பருவத்தில், அதாவது டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, ஹட்டனில் வார இறுதி வாகன நெரிசலையும் பாருங்கள். தென்மேல் பருவமழையையும் யாத்திரையையும் தவிர்த்தால் மிஞ்சுவது அக்டோபர், நவம்பர். தீபாவளிக்கு முந்திய வாரத்தை மட்டும் விடுங்கள்.

பேச்சாளர்களில் ஒருவராவது இரண்டு பாகங்களையும் வாசித்தவராக இருக்கட்டும். முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சிக் கேளுங்கள். அரசி யாரைக் கட்டுகிறாள் என்று மேடையில் போட்டு உடைத்துவிட்டு, "மீதியை நூலில் வாசியுங்கள்" என்பார்கள்.

மேசையில் இரண்டு பாகங்களையும் சேர்த்து ஒரு சோடி விலை வையுங்கள். விழாவில் அதுதான் அதிகம் போகும்.

10. விழா முடிந்த பிறகு

சட்டப் பிரதிகள்: அச்சகம் ஐந்து பிரதிகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒப்படைக்க வேண்டும். பொறுப்பு அச்சகத்தினுடையது, ஆனாலும் கேட்காவிட்டால் நடக்காது. மீதிக் காசைக் கொடுக்கும் முன் ஒப்படைத்ததற்கான சான்றைக் கேளுங்கள்.

விருது: அரச சாகித்திய விருதுக்கு முந்திய ஆண்டில் முதற்பதிப்பாக வந்த நூல்களை எடுக்கிறார்கள். நூல் டிசம்பரில் அச்சாகி விழா பெப்ரவரியில் என்றால், உள்ளே போடும் பதிப்புத் திகதியை ஜனவரி என்று போடுவதா டிசம்பர் என்று போடுவதா என்பதை அச்சுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். டிசம்பர் என்று போட்டால் விண்ணப்பிக்க நேரம் சில வாரங்களே.

கடைகள்: செப்டம்பரில் கொழும்புப் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு நூல் போக வேண்டுமானால் ஜூலைக்குள் கடைகளோடு பேசி முடியுங்கள். ஓகஸ்டில் அவர்களுக்கு உங்கள் தொலைபேசியை எடுக்க நேரம் இருக்காது. எந்தக் கடைக்கும் முதலில் பத்துப் பிரதிக்கு மேல் வேண்டாம். ரசீதில் எண்ணிக்கை, கழிவு, கணக்குப் பார்க்கும் மாதம் மூன்றும் இருக்க வேண்டும்.

மின்னூல்: கிண்டிலில் தமிழ் நூலை ஏற்றலாம். இரண்டு பாகங்களையும் ஒரே தொடராக இணைக்கும் வசதியும் உண்டு. வரி விவரப் படிவத்துக்கு உங்கள் வரி செலுத்துநர் இலக்கம் வேண்டும், அதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் முன்பே எடுத்து வையுங்கள். பிரத்தியேகத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. முதல் பாகம் எங்காவது செயலியில் இலவசமாகக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டே அந்தப் பெட்டியில் குறியிடுங்கள்.

முதல் பாகத்தின் கணக்கை முடிக்காத கடைகள் இருக்கும். இரண்டாம் பாகம் வேண்டும் என்று அவர்கள் கேட்கும் நாள்தான் அதை முடிக்கச் சரியான நாள். பழைய ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், காசு கைக்கு வந்த பிறகு கட்டைப் பிரியுங்கள்.